ஆணி அடிக்கக் கூடாத வீடு

கட்டிலையும் சட்டிபானைகளையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு மெர்சி அந்தக் கட்டடத்து வாசலுக்கு வந்தபோது நல்ல பகல். பெர்மான்ட்ஸிப் பேட்டையின் தோல் கிடங்கு நாற்றம்கூட உள்ளே நுழையப் பயந்து வெளியிலேயே நின்றுவிட்டது. லண்டன் உழைப்பாளிகளுக்கென்று புண்ணியவான்கள் கட்டிவைத்த ஐந்து மாடி. கூரை ஒழுகாது, சுவரில் ஈரம் கிடையாது. மெர்சிக்கு அது போதும். பழைய நிலவறை வீட்டின் ஈரம்தான் மூத்தவன் ஆல்ஃபியைக் கொண்டுபோயிற்று. இப்போது சின்னவள் பெஸ்ஸிக்கும் நெஞ்சில் சளி. அந்த ஈரத்துக்குத் திரும்பினால் இவளும் தங்கமாட்டாள் என்று மெர்சிக்கு நிச்சயமாகத் தெரியும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. மேற்பார்வையாளர் கல்லிமோர் பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்தவர். மீசையை நீவிக்கொண்டே விதிகளை ஒப்பித்தார்.

"படிக்கட்ட முறை வச்சுக் கழுவணும். நாய் கூடாது. செவுத்துல காகிதம் ஒட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. அடிச்சீங்கன்னா அந்தச் சனிக்கிழமையே வெளிய."

"சரிங்க ஐயா."

"வர்றப்ப எல்லாரும் சரிங்க ஐயாதான்."

மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். சுண்ணாம்பு அடித்த வெறும் செங்கல் சுவர், ஆஸ்பத்திரி மாதிரி. ஆல்ஃபியின் நினைவு அட்டையை, கறுப்புக் கரையும் கண்ணாடிச் சட்டமும் போட்டதை, கையில் வைத்துக்கொண்டு மெர்சி கொஞ்ச நேரம் நின்றாள். செத்த பிள்ளையின் அட்டை கணப்படுப்புக்கு மேலே தொங்காவிட்டால், பிள்ளையை இரண்டாம் தடவை புதைத்த மாதிரி அந்த ஜனங்களுக்கு. என்ன செய்வது? அதைப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்து மூடினாள்.

மறுநாள் காலை கணப்படுப்புக்கு மேலே ஓர் ஆணி இருந்தது.

"ஏன்டி, உனக்குக் கை சும்மாவே இருக்காதா?" என்றான் துறைமுகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் ஜேபஸ்.

"நான் அடிக்கல."

"அப்ப பெஸ்ஸி அடிச்சாளா? இல்ல ராணியம்மா வந்து அடிச்சிட்டுப் போனாங்களா?"

குறடு கொண்டு பிடுங்கி, ஓட்டையைச் சோப்பால் அடைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளும் இருந்தது. மெர்சி பிடுங்கினாள். சாயங்காலம் மறுபடியும் இருந்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் வந்தது. அதற்கும் ஒரு விதி வைத்திருப்பார்கள்.

படிக்கட்டுக் கழுவும் முறை வந்தபோது, எதிர்வீட்டு லெட்டி வாளியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"உன் வீட்டுல முன்ன இருந்தவ ஹன்னா," என்று கிசுகிசுத்தாள். "புள்ள செத்துப்போச்சு. அட்டைய மாட்ட ஒரே ஒரு ஆணி அடிச்சா. கொட்டுற பனியில வெளிய தள்ளிட்டான் இந்த மீசைக்காரன்."

"அப்புறம்?"

"தேம்ஸ்லதான் எடுத்தாங்க. கையில சுத்தியல். எடுக்கப் பாத்தாங்களாம், விரலு விடலையாம்."

அன்று மத்தியானமே கல்லிமோர் சோதனைக்கு வந்து நின்றார். ஆணியைப் பார்த்தார். குறட்டை வாங்கி, தானே பிடுங்கி, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சத்தியமா நான் இல்லைங்க ஐயா..."

டொக்.

மெர்சி வாயை மூடினாள். சத்தம் கணப்படுப்புப் பக்கமிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை.

டொக். டொக்.

ஆற்றுச் சேற்றின் வாடை அறையை நிறைத்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. ஆணி சுவரில் இருந்தது.

கல்லிமோர் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். பை காலி.

"பாத்தீங்களா? இப்பவாவது பாத்தீங்களா?" மெர்சிக்குப் பயத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

அவர் முகம் சுண்ணாம்பை விட வெளுத்திருந்தது. ஆனாலும் மீசையை நீவினார்.

"யாரு அடிச்சா எனக்கென்ன? ஆணி உன் வீட்டுச் செவுத்துல இருக்கு. பேய்க்குன்னு தனியா விதி கிடையாது. சனிக்கிழமை காலி பண்ணு."

அவர் படியிறங்கியதும் மெர்சி சுவரைப் பார்த்து வெடித்தாள்.

"ஏன்டி, புள்ளைய நீ மட்டுந்தான் பறிகொடுத்தியா? மிச்சமிருக்கிற ஒண்ணையும் அந்த ஈரத்துலயே கொண்டுபோய்ப் போடச் சொல்றியா? அடிக்கிறதுன்னா உன்னைத் தொரத்துனவன் வீட்டுல போய் அடி!"

எப்படியும் போகத்தானே போகிறோம் என்று பெட்டியைத் திறந்து, ஆல்ஃபியின் அட்டையை எடுத்து அந்த ஆணியிலேயே மாட்டினாள். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். ஓவென்று அழுதாள்.

விடிந்ததும் கீழ்த்தளத்தில் கூச்சல். கல்லிமோரின் அறையில் தரையிலிருந்து கூரைவரை, நாலு சுவரிலும் விரல் வைக்க இடமில்லாமல் ஆணி. கதவையும் உள்பக்கமிருந்து நிலையோடு சேர்த்து அறைந்திருந்தது. உடைத்துத்தான் அவரை வெளியே இழுத்தார்கள். பூட்ஸ்கூடப் போடாமல் போனவர் திரும்பவில்லை. கட்டடத்தைக் கட்டிவைத்த தருமகர்த்தாக்கள் வந்து பார்த்தார்கள், தொண்டையைக் கனைத்தார்கள், மெர்சியைக் காலி பண்ணச் சொன்ன பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. மெர்சி போகவில்லை. வெயில் ஜன்னலில் விழுந்தது. பெஸ்ஸி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே மெர்சி ஆல்ஃபியின் கண்ணாடியைத் துடைக்கத் துணியோடு போனாள்.

பக்கத்தில் இன்னோர் ஆணி.

புத்தம் புதிது. அதே உயரம். எதுவும் மாட்டப்படாமல் இருந்தது.

"வேண்டாம்," என்றாள். "வேண்டாம்டி, உன் கால்ல விழறேன்."

குறட்டைப் போட்டு இழுத்தாள். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை.

பின்னால் பெஸ்ஸி இருமினாள்.

மெர்சி திரும்பினாள். தரையில், சேற்று ஈரத்தோடு வெறுங்கால் தடங்கள், சுவரிலிருந்து கட்டில்வரை. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.