அட்டைப்பெட்டி ஏறிய ஐந்தாம் மாடி

மூன்று நாளாக விடாத மழை. சித்தி நடத்தும் மழலையர் விளையாட்டுக் கூடம் முழுக்க ஈரத்துணி வாசனை. மூலையில், சலவை இயந்திரம் வந்த பெரிய அட்டைப்பெட்டி படுத்துக் கிடந்தது. அதற்குள் நான்கு வயதுப் பையன் ஒருவன். மற்ற வாண்டுகள் அவனுக்கு வைத்த பெயர் பார்சல்.

அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து அவன் இங்கே ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

பள்ளி விட்டதும் சித்தியின் அக்கா மகள் திருகாணி வந்தாள். வயது ஒன்பது. எதைக் கண்டாலும் திருகிக் கழற்றிப் பார்ப்பாள், அதனால் அந்தப் பெயர்.

சித்தி பெட்டியின் மடிப்பை விலக்கிப் பிடித்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தார். "என் கண்ணுல்ல, வெளிய வாடா. புதுசா பொம்மை அடுப்பு வாங்கியிருக்கேன் பாரு."

பார்சல் திரும்பவில்லை. பெட்டியின் உட்பக்கத்தில் ஓர் இடத்தை விரலால் அழுத்தினான். காத்திருந்தான். மறுபடி அழுத்தினான். உதடு பிதுங்கியது.

"இன்னிக்கும் சாப்பிடலைன்னா அவங்கப்பாவைக் கூப்பிடத்தான் போறேன்," சித்தி கிசுகிசுத்தார். "பட்டினி கிடக்குற பிள்ளையை எப்படிடி வச்சுக்கிறது? அந்த மனுஷன் இன்னொரு நாள் லீவு போட்டா வேலையே போயிடும்."

திருகாணி குனிந்து பார்த்தாள். உள்ளே கிரேயானால் வரைந்த ஆறு வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. கீழ்த்தளம் ஒன்று, மாடி ஐந்து. அவன் அழுத்தியது உச்சியில் இருந்ததை.

"சித்தி, கையை எடுங்க!"

"ஏன்டி?"

"இது லிஃப்ட். கதவு முழுசா மூடினாத்தான் அதுக்குள்ள கரண்ட் சுத்தி வரும், மோட்டார் ஓடும். நடுவுல கை இருந்தா அப்படியே நிக்கும். மூணு நாளா கதவைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க!"

சித்தி சூடு பட்டதுபோல் கையை எடுத்தார்.

"நானும் வரட்டா?" திருகாணி பெட்டிக்குள் பார்த்துக் கேட்டாள்.

பார்சல் நகர்ந்து இடம் விட்டான். திருகாணி உள்ளே நுழைந்து மடிப்பை மூடினாள். இருட்டு. அவன் அழுத்தினான்.

"ம்ம்ம்ம்..." திருகாணி மோட்டார் ஆனாள். பெட்டியை மெல்ல ஆட்டினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

"அஞ்சு," என்றான் பார்சல்.

"டிங்! யாரைப் பார்க்கணும்?"

"அம்மாவ. ஆனா சின்னப் பசங்கள மேல விட மாட்டாங்க. வாட்ச்மேன் திட்டுவாரு."

"இந்த லிஃப்ட்டுக்கு வாட்ச்மேனே கிடையாது."

அவன் இருட்டை உற்றுப் பார்த்தான். "அம்மா தூங்குறாங்க."

"எழுப்பலாமா?"

"வேணாம். எழுப்பினா வலிக்கும்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பார்சல் சத்தம் வராமல் அழுதான். கழற்றவோ மாட்டவோ அங்கே ஒன்றும் இல்லை. திருகாணி அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

நெடுநேரம் கழித்து, "கீழ போலாம்," என்றான். அடி வட்டத்தை அவனே அழுத்தினான்.

கதவு திறந்தபோது வெளியே ஆறு வாண்டுகள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. "என்னையும் ஏத்திக்கோ பார்சல்!" "தள்ளாதடா, நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

சித்தி ரொட்டித் தட்டுடன் நின்றார். இந்த முறை கெஞ்சவில்லை.

பார்சல் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். மென்றுகொண்டே கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான்.

"ரெண்டு ரெண்டு பேரா வாங்க," என்றான். "மேல யாரும் கத்தக் கூடாது."