பவித்திரனுக்கு ஓர் இலை

சாத்திய அறைக்குள் யாரோ எலும்பைக் கடித்து உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எலி" என்றான் கணாரன், யாரும் கேட்காமலே.

மலையாளத்து ஆடியான கர்க்கடகத்தின் அமாவாசை அந்தி. ஓட்டுக்கூரையில் மழை ஒரே கதியில் இறங்கிக்கொண்டிருக்க, நனைந்த விறகின் புகையும், கோழிக்கறியில் அரைத்துவிட்ட வறுத்த தேங்காயின் மணமும், கள்ளின் புளித்த வாடையும் கதவிடுக்கு வழியே கசிந்து இருட்டோடு குழைந்தன. குடும்பத்தில் செத்தவர்களுக்கெல்லாம் உள்ளறையில் இலை போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்தியாகிவிட்டது. அவர்கள் உண்டெழும் வரை உயிருள்ளவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடியே இருக்கும். அப்புறம் வீட்டார் சாப்பிடுவார்கள்.

கணாரன் சகுனத்துக்குப் பட்டா வாங்கியவன். பல்லி சொன்னால் அப்பன். தேங்காய் விழுந்தால் பாட்டன். பால் பொங்கி வழிந்தால் பெரியம்மாவுக்குக் கோபம். "பஸ்சு லேட்டானதும் உங்க பாட்டன் வேலைதானா ஏட்டா?" என்று அண்ணன் முறை வைத்து டீக்கடையில் கேட்பார்கள். கணாரன் சற்று யோசித்து, இருக்கலாம் என்பான்.

தம்பி பவித்திரன் அவனோடு சண்டை போட்டுக்கொண்டு குஜராத் பக்கம் படகு வேலைக்குப் போனவன், தகவலே இல்லை. இந்த மழையில் தம்பி நட்ட முருங்கை முறிந்தது. முருங்கை காற்றடித்தாலே முறியும் என்பது ஊருக்குத் தெரியும்; கணாரனுக்கு மட்டும் அது தந்தி. தம்பி போய்விட்டான் என்று டீக்கடையில் அறிவித்தான். அறிவித்த பிறகு தம்பி உயிரோடிருப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

தம்பி மனைவி சுலோசனா காலையிலிருந்து மன்றாடினாள். "செத்தவங்க பந்தியில உசிரோட இருக்கறவருக்கு இலை போட்டா, அவரு வந்து உக்காந்துதானே ஆகணும் ஏட்டா?"

போட்டான்.

உள்ளே மென்று விழுங்கும் சத்தம். கள்ளுக் குவளையைத் தரையில் வைக்கும் சத்தம். வாழ்நாளெல்லாம் எலியை முன்னோர் என்று சொன்னவன், இன்று முன்னோரை எலி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சுலோசனாவின் போன் அடித்தது. கேட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

"...பய்யன்னூர் தாண்டியாச்சு சுலூ. பஸ்ல இருக்கேன். ஏட்டன்கிட்டச் சொல்லு, சண்டையெல்லாம் போதும்."

அவள் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் நின்றாள். போனில் பவித்திரனின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"என்னமோ தெரியல. காலையிலேருந்து பட்டினி. ஆனா வாயில கோழிக்கறி ருசிக்குது. கள்ளும். வயிறு ரொம்பிக்கிட்டே போகுது. கையெல்லாம் சில்லிடுதுடி."

கணாரன் எழுந்தான். பந்தி முடியுமுன் கதவைத் திறக்கக் கூடாது. ஆனால் தம்பி உண்டு முடிப்பதற்குள் இலையை எடுத்தாக வேண்டும்.

திறந்தான்.

விளக்கு அசையாமல் எரிந்தது. மற்ற இலைகளில் வைத்தது வைத்தபடி. தம்பியின் இலையில் மட்டும் பாதிச் சோறு. அதுவும் குறைந்துகொண்டிருந்தது. கை இல்லை. வாய் இல்லை. பிடி பிடியாகச் சோறு.

இலையைப் பற்றி இழுத்தான். வரவில்லை. மறுபக்கம் பிடித்திருந்தார்கள். ஒருவரல்ல.

போனில் வேறொரு குரல் கேட்டது. "நான் கண்டக்டரும்மா. பேசிட்டிருந்தவரு சீட்டுலயே சாஞ்சுட்டாரு. உடம்பு ஜில்லுனு கெடக்கு. நீங்க யாரு, அவரு சம்சாரமா?"

இலையில் சோறு தீர்ந்தது.

"ஏட்டா" என்றது இலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பவித்திரனின் குரல், சண்டையின் சுவடே இல்லாமல். "இன்னும் கொஞ்சம்."

கணாரன் இலையை விட்டான். பின்னால் பானை தரையில் உரசியது. சுலோசனா அவனைத் தாண்டி உள்ளே போனாள். குனிந்து, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்து, இலை நிறையச் சோறு போட்டாள்.

பிறகு அதன் பக்கத்தில், தனக்கு ஓர் இலையை விரித்தாள்.