பேச முடிகிற வேகம்

அந்த மைதானத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஓட்டம் என்றால் எனக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது மட்டும்தான். அதையும் அடுத்த பஸ் வரும் என்று விட்டுவிடுகிற ஆள் நான். பல் செட் செய்வது என் தொழில். காலையில் பெஞ்சில் உட்கார்ந்தால் அச்சு, மெழுகு, ராவுகிற தூசு என்று பொழுது சாய்ந்துவிடும். வயிறு தன் இஷ்டத்துக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வீட்டில் அவளைப் பாப்பா என்போம். தலை நரைக்க ஆரம்பித்தும் அந்தப் பெயர் போகவில்லை, வாயும் ஓயவில்லை. ஊசி குத்தும்போதுகூட நர்ஸிடம் கதை கேட்பாள். பேசாமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. ஆனால் டாக்டர் என் எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த உடம்புல ஆபரேஷன் பண்ண முடியாது. குறைச்சுட்டு வாங்க. சீக்கிரம் வாங்க, அவங்களால ரொம்ப நாள் தாங்க முடியாது."

அவள் உயிர் என் தொப்பையில் வந்து நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் அம்மா எனக்குப் பாடம் எடுத்தார். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். வீட்டில் சுவரில் கை ஊன்றித் தண்டால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது.

"எவ்வளவு வேகமா ஓடணும் மேடம்?"

"பேசிக்கிட்டே ஓடுங்க சார். ஒரு வாக்கியம் முழுசா வந்தா அதுதான் உங்க வேகம். பாதியில மூச்சு வாங்கினா அதிகமா ஓடுறீங்கன்னு அர்த்தம். புதுசா ஓடுறவங்க எல்லாரும் அங்கதான் தப்பு பண்றாங்க."

மறுநாள் விடியலில் போனேன். பழைய மைதானம். செம்மண் ஓடுபாதையில் சுண்ணாம்புக் கோடுகள் பாதி அழிந்திருந்தன. ஒரு பக்கம் இடிந்த பார்வையாளர் படிகள், அவற்றுக்குக் கீழே இன்னும் விடியாத இருட்டு. ஈர மண்ணும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை. நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வெளி வட்டத்தில். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

உள் வட்டம் காலியாகக் கிடந்தது. அதற்குத்தான் சுற்றளவு குறைவு. யாருக்கும் தோன்றாத புத்தி எனக்குத் தோன்றியதாக மகிழ்ந்துபோய் அதில் இறங்கினேன். நெற்றியில் பட்டை கட்டிய ஒருவர் என்னைக் கடக்கும்போது வெளிப்பக்கமாகக் கையைக் காட்டினார். பெரிய ஓட்டக்காரர், அலட்டுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

தனியாக என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது என் தொழில்தான்.

"முதல்ல அச்சு எடுக்கணும்" என்றேன், குலுங்கிக்கொண்டே. "அப்புறம் மெழுகு வைக்கணும். அப்புறம் பல்லை ஒண்ணொண்ணா..."

"அப்புறம்..."

பின்னால் ஒரு குரல். கிழிந்த மூச்சோடு, அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு.

திரும்பினேன். செம்மண்ணும் கோடுகளும் மட்டும்.

எங்கிருந்தோ வலித் தைலத்தின் நெடி அடித்தது. என் காலில்கூடத் தைலம் இல்லை.

பயந்துதான் போனேன். ஆனால் போகாமல் இருக்க முடியுமா? அன்று மாலை பாப்பாவிடம் அரைகுறையாகச் சொன்னபோது அவள் சிரித்தாள். "தனியாப் பேசினா அப்படித்தான் இருக்கும் அண்ணா. எனக்கு போன் போடு. எனக்கும் விடியக்காலையில தூக்கம் வரதில்ல. நீ ஓடு, நான் பேசறேன்."

அதுவும் நல்லதாகப் பட்டது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவள் டயாலிசிஸ் அறைக் கதைகளைச் சொல்வாள். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை, தன் காலின் வீக்கம், ஆபரேஷன் முடிந்ததும் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கும் ஆசை. நான் முழு வாக்கியங்களில் பதில் சொல்வேன். தைல நெடி வந்தால் அவள் குரலை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "கூட ஓடுறது யாரு அண்ணா? பாவம், ரொம்ப இரைக்குது. மெதுவா ஓடச் சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. "தெரிஞ்சவர்" என்று சொல்லிவைத்தேன். அவளை ஏன் பயமுறுத்த வேண்டும்?

அதற்குப் பிறகுதான் எனக்கு இறங்குமுகம். ஓட ஓட உடம்பு தேறும் என்றார்கள். எனக்குத் தலைகீழாக நடந்தது. கடையில் ஒரு பல் செட்டின் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டியது. சுவர்த் தண்டால் எடுக்கக் கை ஊன்றினால் சுவரிலேயே சாய்ந்து நின்றேன். ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். டாக்டர் முகம் கறுத்தது.

"என்ன சார் பண்றீங்க? முன்னாடி இதைவிட நல்லா இருந்தீங்களே?"

அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் என் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். பாப்பாவுக்குக் கொடுக்க வேறு யாரும் இல்லை. நான் இன்னும் முயன்று ஓடினேன். மடையன்.

அந்தக் காலையில் பனி தரையோடு கிடந்தது. வெளி வட்டத்தில் ஓடுகிறவர்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. ஒரு சுற்று முழுக்க நான்தான் பேசினேன், திணறித் திணறி. பாப்பா கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு உன் நண்பர்தான் நல்லாப் பேசறாரு. நீ ஏன் அண்ணா வாயே திறக்கல?"

நின்றேன்.

பின்னால் வந்த காலடிகள் நிற்கவில்லை.

செம்மண் நறநறத்தது. அருகில். இன்னும் அருகில். என் கழுத்தில் சூடான மூச்சு. சீரான, சுகமான மூச்சு. அது யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.

அது என்னுடையது.

"நீ களைச்சுட்ட" என்றது குரல், ஒரு திணறலும் இல்லாமல். "பாப்பாகிட்ட இனிமே நான் பேசிக்கறேன்."

காதில் பாப்பா சொன்னாள்: "சரி, பேசுங்க."

கருவியைப் பிடுங்கி எறிந்தேன். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வாசல் கேட்டுக்கு வெளியே மண்ணில் கிடந்தேன். நெற்றிப்பட்டைக்காரர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவர் வாய் திறந்தது.

"உங்களை மாதிரிதான் சார், புது ஆள். காலெல்லாம் வலித் தைலம் தடவிக்கிட்டு முதல் நாளே உயிரைக் கொடுத்து ஓடினான். உள் வட்டத்துல விழுந்தான். ஏதோ சொல்ல வந்தான், மூச்சு வரல, அப்படியே போயிட்டான். அதுக்கப்புறம் அங்க பேசறவங்க மூச்சை எடுத்துக்கறான். நாங்க யாரும் உள்ள வாய் திறக்கறதில்ல."

"இதை... முன்னாடியே... சொல்லக் கூடாதா?"

"வெளிய வாங்கன்னு கையைக் காட்டினேனே சார். உள்ள நின்னுகிட்டு வேற எப்படிச் சொல்றது?"

அதோடு அந்த மைதானத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஓடினேன், உதட்டை ஒட்டியதுபோல வாயை மூடிக்கொண்டு. முழு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். மூச்சு மெல்ல மெல்ல வீடு திரும்பியது. சுவரில் எடுத்த தண்டால் மேஜைக்கு இறங்கி, பிறகு தரைக்கும் இறங்கியது. நண்பர் எங்கே என்று பாப்பா கேட்டாள். வெளியூர் போய்விட்டார் என்றேன். அடுத்த பரிசோதனையில் டாக்டர் என் முதுகில் தட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாப்பா முதல் முறையாக ஒரு டம்ளர் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தபோது அடுத்த கட்டிலில் படுத்திருந்த நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்து அவளை எழுப்பி நிறுத்தினார். நான் தையல் வலியில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். வராந்தாவில் அவர் சொல்வது காதில் விழுந்தது.

"மெதுவா நடங்க. பேசிக்கிட்டே நடங்க. ஒரு வாக்கியம் முழுசா வந்தா அதுதான் உங்க வேகம்."

தூக்கம் கலைந்தது. வேண்டாம் என்று கத்த நினைத்தேன். வெயில் விழுந்த, மருந்து மணக்கும் வராந்தா. மைதானம் எங்கேயோ இருக்கிறது. பயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

அந்த அம்மா அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். பாப்பாவின் பேச்சு மட்டும் தூரத்தில் போய்த் திரும்பியது. கேள்விகள் கேட்டாள். சிரித்தாள். யாரிடம்?

கட்டிலிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீளமான, காலியான வராந்தாவில் அவள் மட்டும் வந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அண்ணா, உன் நண்பர்... இன்னிக்கு நான்..."

மூச்சு வாங்கி நின்றாள்.

தைல நெடி.

"ரெண்டு சுற்று நடந்துட்டேன்" என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வாக்கியத்தை முடித்துவைத்தது.

பாப்பா பதில் சொல்லத் திரும்பினாள். தையல் பிரிவதைப் பற்றி நினைக்காமல் பாய்ந்து, நான் அவள் வாயைப் பொத்தினேன்.

என் உள்ளங்கைக்குள் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.