தகட்டின் மேல் விழுந்த அலைகள்

தகடு மழமழவென்றுதான் இருந்தது. படத்தில்தான் அலை விழுந்தது.

லேசர் புள்ளி உலோகத் தகட்டை வரிவரியாக வருடி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களைத் திரையில் வரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாராவது நடந்தால் போதும், அந்த அதிர்வும் ஓர் அலையாகப் பதிந்துவிடும். அதனால் அளக்கும்போது யாரும் அசையக்கூடாது.

இன்று அசைய யாருமே இல்லை. ஓபோன் விடுமுறை. இறந்தவர்கள் வீடு திரும்புகிறார்கள் என்று சுவா நகரமே வாசலில் தீ மூட்டி வரவேற்றுக்கொண்டிருந்தது. மினோவாவுக்கு அழைக்கவும் யாரும் இல்லை, போகவும் ஊர் இல்லை. வேலைக்கு வந்துவிட்டாள். அளப்பதற்காக அறை விளக்கையும் அணைத்திருந்தாள். அந்தக் கட்டடம் முழுவதிலும் எரிந்தது இந்த நிலவறைத் திரையும் அந்த ஊதாப் புள்ளியும்தான்.

ஊருக்குப் போயிருந்த மூத்த சகா குசாமாவுக்குப் போன் செய்தாள்.

"குசாமா சான், படத்துல அலை விழுது. பம்ப் ஏதாவது ஓடுதா?"

"எல்லாத்தையும் நிறுத்திட்டுதானே வந்தேன்." அவர் குரலுக்குப் பின்னால் குழந்தைகள் கத்தினார்கள். "உங்க வயிறுதான் பசியில உறுமியிருக்கும். பேசாம வீட்டுக்குப் போங்க. போறப்ப யாரையாவது துணைக்குக் கூட்டிக்கங்க."

"யாரு இருக்கா கூட்டிட்டுப் போக," என்று சிரித்தாள். போனை வைத்ததும் அழுகை வந்தது.

மறுபடி அளக்க விட்டாள். லென்ஸ் துடைத்த ஸ்பிரிட் வாடையும் தின்னாமல் வைத்த சோற்று உருண்டையைச் சுற்றிய கடற்பாசியின் வாடையும் கலந்த அந்தக் குளிரில், கைகளை மடியில் புதைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெல்ல விட்டபடி, மேலிருந்து கீழாக நிரம்பும் படத்தையே பார்த்திருந்தாள். ஓர் அலை. கொஞ்சம் வெறுமை. இன்னோர் அலை. நடக்கிற கால்களின் இடைவெளி அது. ஒன்றைவிட ஒன்று உயரமாக விழுந்தது.

நெருங்குகிறது.

கடைசி அலை, மேசையருகே அவளே காலை ஊன்றினால் விழும் உயரம். அதன் பிறகு படம் சலனமற்றுக் கிடந்தது.

முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எழுந்தாள். கதவை நோக்கி நடந்தாள். செருப்பு ஒலி அவளுடையது மட்டும்தான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் திரும்பினாள்.

அறை காலி. திரை ஓடிக்கொண்டிருந்தது.

அவள் நடந்த நடையெல்லாம் அதில் இருந்தது. அவளுடைய ஒவ்வோர் அலைக்கும் பின்னால், ஒட்டினாற்போல், இன்னோர் அலை.

மினோவா அசையவில்லை.

திரையில் மேலும் ஓர் அலை விழுந்தது.