குடைக்கம்பியில் அறுந்த கயிறு

குன்னத்தில் பஸ் நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவாகப் போனது, அவ்வளவுதான். ஐப்பசி மழை. பால்வாடி டீச்சர் தனம், செவ்வாய்தோறும் பெரம்பலூர் ஆபீசில் காட்டவேண்டிய ரிஜிஸ்தர் ஒரு கையிலும் குடை மறு கையிலுமாகத் தாவி ஏறினாள். குடைக்கம்பி எதிலோ மாட்டியது. இழுத்தாள். என்னவோ அறுந்தது.

"அய்யோ... என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க!"

படியோரம் நின்றவன் தன் வெறும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அழகன் என்று சொல்ல முடியாது. புருவத்தில் சுண்ணாம்புக்கல் பொடி. ஆனால் அந்தக் கண்கள்... மழையில் தொலைந்துபோன பிள்ளையின் கண்கள்.

"ஒரு கயித்துக்கா இந்தக் கத்து கத்துறீங்க? கடையில நாலணா."

"இது கடைக் கயிறு இல்லைங்க."

"பின்ன, தங்கத்துல திரிச்சதா?"

"ஒரு வருசம் குடிக்க மாட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணிக் கட்டினது. ஏழு மாசம் ஆச்சு..."

பின் சீட்டில் இருந்த அவன் கூட்டாளி சிரித்தான். "டேய் கொளஞ்சி! சாமியே விட்டுட்டுதுடா. இனி உம்மேல குத்தம் இல்ல. சாயங்காலம் வா!"

தனத்துக்கு அந்தக் கணக்குத் தெரியும். கயிறு தானாக அறுந்தால் சத்தியம் தீர்ந்தது என்பது இந்தப் பக்கத்துக் குடிகாரர்களின் சட்டம். அவள் அப்பா மூன்று தரம் கட்டினார். மூன்றாவது கயிறு கிணற்று ராட்டினத்தில் அறுந்தது. அன்று மாலையே சாராயக்கடை. நாலாவது கயிறு கட்ட அவர் இல்லை.

அவள் குனிந்து, ஈரப்பலகையில் கிடந்த கயிற்றை எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவன் விழித்தான். அவளுக்கு முகம் சிவந்தது. "இல்ல... வூட்டுல யாரு அழப் போறாங்கன்னு கேட்டேன்."

"அழ ஆள் இல்லைங்க. அக்கா ஒருத்திதான். அவ அழ மாட்டா, அடிப்பா."

"இறங்கினதும் வேற கட்டிக்குங்க."

"அமாவாசைக்குத்தான் கட்டுவாங்க. இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

"அதுவரைக்கும்?"

"இன்னிக்கு ஒரு நாள் இருந்து பாக்குறேன். நாளைக்கு மறுபடி ஒரு நாள்."

அடுத்த செவ்வாய் அதே பஸ்ஸில் அவன் நின்றான். அவள் நேராகப் போய், "ஊதுங்க" என்றாள்.

"நீங்க என்ன போலீசா?"

"பால்வாடி டீச்சர். புள்ளைங்க மண்ணு தின்னாலே கண்டுபிடிப்பேன்."

ஊதினான். டீ வாசனை. அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது... அவனுக்கும்தான்.

அவன் பேர் கொளஞ்சியப்பன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிரில் ஓட்டுகிறவன். செவ்வாய் லீவு. "லீவு நாள்ல சும்மா இருந்தா காலு தானா சாராயக்கடைக்குப் போவும். அதான் பெரம்பலூர்ல அக்கா இட்லிக்கடைக்கு மாவாட்டப் போறேன். அவ காதுத் தோட்டை வித்துக் குடிச்சவன் நான்."

இதைக்கூடவா சொல்வான் ஒருத்தன், ஒரு பெண்ணிடம்?

அமாவாசை வந்தது, போனது. அவன் கயிறு கட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு வீணாகப் போனது. ஏழாம் நாளில் முக்கால் மணி நேரம் மட்டும் இருந்தது.

கார்த்திகையில் ஒரு செவ்வாய். அவள் இன்னும் "ஊதுங்க" சொல்லவில்லை. அவனே சொன்னான்.

"வியாழக்கிழமை குடிச்சிட்டேன்."

"வெளயாடாதீங்க..."

"வெளயாடல. கூடவேலை செய்யறவன் ஒருத்தனுக்குப் பாறை விழுந்து காலு போச்சு. என்னால தாங்க முடியல. போனேன், குடிச்சேன். மறுநாள்லேருந்து இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? சொல்லலைன்னா எனக்குத் தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கியபோது மழை இல்லை. ஆனாலும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். குடிகாரன் மகள் குடிகாரனுக்காக ஏங்குவதா? வெட்கம்...

இரண்டு செவ்வாய் முந்தின பஸ்ஸில் போனாள். வீம்புதான். ஆனால் ராத்திரியில் அப்பா நினைவு வந்தது. தள்ளாடி வந்து, "தலை சுத்துதும்மா, வெயிலு" என்பார். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, 'குடிச்சிட்டேன்' என்று அவர் சொன்னதில்லை. இவன் கேட்காமலே சொன்னான்.

மூன்றாவது செவ்வாய் பழைய பஸ்ஸில் ஏறினாள். அவன் இல்லை.

பெரம்பலூர் வரைக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் படியையே பார்த்தாள். போய்விட்டானோ... மறுபடியுமா... நான் பேசாததாலயா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக்கடையைத் தேடி ஓடினாள். வாசலில் தோடில்லாத காதோடு ஒருத்தி.

"நீதான் குடைக்காரியா?" என்றாள் அக்கா இருசம்மாள். "உள்ள போ. உம்முனு மூஞ்சிய வச்சுக்கிட்டு மாவாட்டுது ஒண்ணு."

ஆட்டுரல் முன்னால் முழங்கை வரை மாவோடு அவன் உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க பஸ்ல வரல?"

"நீங்க முன்பஸ்ல போறதா கண்டக்டர் சொன்னாரு. அதான் நானும் முன்பஸ்ல வந்தேன்... உங்களைக் காணோம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஊதுங்க."

"மாட்டேன். இன்னியோட இருபத்தாறு நாள். நான் சொன்னா நம்புவீங்களா?"

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். "நம்புறேன்."

ரிஜிஸ்தரைத் திறந்து அறுந்த கயிற்றை எடுத்தாள். "இதை வேணா முடிச்சுப் போட்டுத் தரவா?"

"வேணாங்க. அது இருந்தப்ப சாமிக்குப் பயந்து இருந்தேன். இப்ப எனக்காகவே குடிக்காம இருக்கத் தோணுது. திரும்ப விழுந்தாலும் போயிச் சொல்ல ஒரு ஆளு இருக்கு."

"யாரு?"

"குடைக்காரி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வாங்க. எங்கம்மாகிட்ட முதல்ல குடிச்சதச் சொல்லுங்க. தோடு வித்ததையும் சொல்லுங்க. கடைசியாக் குடிச்ச அந்த வியாழக்கிழமையையும். அப்புறம் மத்ததக் கேளுங்க."

"மத்ததுன்னா?"

"எல்லாத்தையும் ஒளிக்காம சொல்ற வாயிக்கு... இது மட்டும் சொல்ல வராதோ?"

அவன் மாவைத் தள்ளிவிட மறந்து குழவியை மட்டும் சுற்றினான்.

"உன்னை எனக்குப் புடிச்சிருக்கு தனம்... கயிறு அறுந்த அன்னிலேருந்தே."

"எனக்கும்தான்..."

உரலில் மாவு வழிந்து தரையில் ஓடியது. வாசலிலிருந்து பார்த்த இருசம்மாள், அன்றைக்கு ஒரு நாள் மட்டும், கத்தவில்லை.