கறை டாக்டர்

காலை ஏழேகாலுக்கு அந்த வீட்டில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, குளியலறை வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். இன்னொன்று, சின்ன மருமகளின் கைபேசி விடாமல் 'டிங்... டிங்' என்று கூப்பிடுகிற சத்தம். முதல் சத்தத்தோடு பெரிய மருமகளுக்கு ஒரு வழக்கும் இல்லை. இரண்டாவது கேட்டால்தான் வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

"அக்கா! நீலக்குடை கேக்குறாங்க... வெள்ளைச் சட்டை காலர் மஞ்சளாயிடுச்சாம். என்ன பண்ணணும்?"

சமையலறை வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்றாள் சின்னவள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை அவளுக்கு. எட்டு மணிக்குள் போய் உட்கார வேண்டும்.

"சோடா மாவைக் கொழைச்சுப் பூசி அரை மணி ஊற வைக்கச் சொல்லு. அப்புறம் பழைய பல் பிரஷ்ஷால தேய்க்கச் சொல்லு," என்றாள் பெரியவள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஐயோ, சூப்பர்க்கா!" சின்னவளின் விரல்கள் கைபேசியில் ஓடின. வாசலைத் தாண்டுமுன் நாலு 'டிங்'.

நீலக்குடை என்பது அந்தப் பெண் தனக்கே வைத்துக்கொண்ட பட்டப்பெயர். 'நாலு சுவர்' என்றொரு கைபேசிக் குழு, அறுபத்திரண்டு பேர். யாரும் சொந்தப் பெயரில் இல்லை. வீட்டுத் தொல்லை எதை வேண்டுமானாலும் அங்கே கொட்டலாம். கேட்காதவர்களுக்கு அறிவுரை சொல்லக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். அந்தச் சட்டத்தை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. 'குறட்டைக்காரர் பொண்டாட்டி' என்றொருத்தி தினமும் காலையில் முந்தைய இரவின் நிலவரத்தை அறிவிப்பாள். உடனே பத்துப் பேர் தலையணை உயரம் சொல்வார்கள்.

இதெல்லாம் பெரியவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவளும் உள்ளேதான் இருந்தாள்! சின்னவள் என்றோ வீட்டில் எல்லாருக்கும் அனுப்பி, தான் அன்றே அழித்துவிட்ட அழைப்பை, பஸ் ஓட்டுகிற தன் கணவனின் கைபேசியில் தேடிப் பிடித்து, இரண்டு மாதம் முன்பு திருட்டுத்தனமாகச் சேர்ந்தாள். 'பழைய வாளி' என்று பெயர் வைத்துக்கொண்டாள். சேர்ந்த நாளிலிருந்து வருவதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முன் பேசியது எதுவும் தெரியவில்லை. தெரிந்தவரைக்கும் போதாதா, வயிறு எரிய?

'டாக்டர் வாழ்க! கறை போயே போச்சு!'

'நம்ம கறை டாக்டர் மாதிரி ஒருத்தர் ஒவ்வொரு வீட்லயும் இருக்கணும்.'

ஒவ்வொரு பாராட்டுக்கும் கீழே சின்னவள் ஒரு இதயப் படம் போட்டு, 'சொல்லிடறேன்... சொல்லிடறேன்...' என்று எழுதுவாள். என்னத்தைச் சொல்லப் போகிறாளாம்? பெரியவள் அந்த இதயங்களை எண்ணுவாள். ஒரு நாள் முப்பத்தேழு வந்தது. அன்றைக்கு ஆத்திரத்தில் சாப்பிட்ட தட்டைக் கழுவாமலேயே கவிழ்த்து வைத்துவிட்டாள்.

எரியாமல் என்ன செய்யும்! ஒன்பது வருடம் பெரிய சலவைக்கடை ஒன்றில் கறை மேசையில் நின்றவள் அவள். மற்றவர்கள் கைவிட்ட துணிதான் அவளிடம் வரும். விளக்கடியில் பிடித்துப் பார்த்து, நகத்தால் மெல்லச் சுரண்டி, மோந்து பார்த்து, இது எண்ணெய், இது துரு என்று சொல்வாள். முதலாளி கூட அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆறு மாதம் முன்பு மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, இடப்பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போன வாரத்தில், வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்றானது. சின்னவள் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். "நான் நின்னுக்கறேன்," என்றாள் பெரியவள். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த மேசையில் கற்றதைத்தான் இப்போது ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டே வாங்கிப் போய், ஊரிடம் டாக்டர் பட்டம் வாங்குகிறாள்!

வியாழக்கிழமை மாலை இன்னொன்று நடந்தது. சின்னவள் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து குழுவில் வந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினாள். அவர் கோணிய வாயோடு சிரித்தார். பெரியவள் அவருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவ... கெட்டி...க்காரி," என்றார் மாமனார்.

குளிப்பாட்டுவது இவள், ஊட்டுவது இவள், கெட்டிக்காரி மட்டும் அவள்! பெரியவள் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை ஏழேகால்.

"அக்கா, இது கொஞ்சம் முக்கியம்க்கா... குழுவுல மூணாம் மாடின்னு ஒருத்தங்க இருக்காங்கல்ல? அவங்க வீட்டுக்காரர் போய் அஞ்சு வருஷமாச்சு. அவரோட கருநீலக் கோட்டு ஒண்ணு பத்திரமா வச்சிருக்காங்க. நெஞ்சுப் பக்கம் பேனா கசிஞ்ச கறை. திங்கக்கிழமை மகன் மொத நாள் வேலைக்குப் போறானாம். அப்பா கோட்டைத்தான் போட்டுப்பேன்னு அடம் பிடிக்கிறானாம். என்னக்கா பண்ணலாம்?"

பெரியவளுக்கு அந்தக் கோட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. என்ன செய்ய வேண்டும் என்று விரல் நுனி வரைக்கும் தெரிந்தது.

"அடியில வெள்ளைத் துணி ஒண்ணு வைக்கணும். பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டு, ஓரத்துலேர்ந்து நடுவுக்கு ஒத்தி ஒத்தி எடுக்கணும். தேய்க்கக் கூடாது."

சின்னவள் எழுதிக்கொண்டாள். "அவ்வளவுதானாக்கா?"

அவ்வளவுதான் இல்லை. எதற்கும் முன்னால், உள்தையலில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு சொட்டு தொட்டுப் பார்க்க வேண்டும். கருநீலச் சாயம் நம்பக்கூடாத சாயம். சாயம் இளகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கறை மேசையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அதுதான்.

சொல்ல வாயெடுத்தாள். 'சின்னவ கெட்டிக்காரி' என்ற குழறல் காதுக்குள் கேட்டது. கெட்டிக்காரிதானே... அவளே கண்டுபிடிக்கட்டும். ஒரு தரம் மூக்கறுபட்டால்தான் என்ன! எல்லாச் சாயமுமா போகும்?

"அவ்வளவுதான்," என்றாள்.

சனிக்கிழமை பகல் மாமனாருக்கு ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டு, கைபேசியை எடுத்தாள் பெரியவள். ஒரு படம் வந்திருந்தது. கருநீலக் கோட்டின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த திட்டு.

'என் வீட்டுக்காரர் கோட்டு போச்சு. அவர் ஞாபகமா இருந்தது இது ஒண்ணுதான்.'

அதற்குக் கீழே குழு முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தது.

'டாக்டராம் டாக்டர்! போலி டாக்டர்!'

'ஆறு மாசமா இந்தப் பேச்சையா நம்பினோம்?'

ஒரு கணம் இனித்தது. இல்லையென்று சொல்ல முடியாது. வாங்கிக் கட்டிக்கொள், நன்றாக வேண்டும் உனக்கு... என்றுதான் நெஞ்சு சொன்னது. அடுத்த கணம் சின்னவளின் பதில் வந்தது. நீளமான பதில்.

'எங்க அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லாதீங்க. இங்க நான் மொத நாளே சொன்னேன், டாக்டர் நான் இல்ல, எங்க வீட்ல இருக்கிற அக்கான்னு. ஒம்பது வருஷம் கறை மேசையில நின்னவங்க. எங்க மாமனாருக்காக அந்த வேலையவே விட்டவங்க. நான் வெறும் கம்பவுண்டர். அவங்க சொல்ற மருந்தை எடுத்துக் குடுக்கறவ. அவங்க சரியாத்தான் சொன்னாங்க. அவசரத்துல ஏதோ ஒரு வரிய நான்தான் விட்டுட்டேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க.'

பெரியவள் மூன்று தரம் வாசித்தாள். முதல் தரம் புரியவில்லை. இரண்டாம் தரம் புரிந்தது. மூன்றாம் தரம் எழுத்து கலங்கிப்போய்த் தெரியவில்லை.

டாக்டர் வாழ்க... அது தனக்கா! எண்ணி எண்ணி வயிறெரிந்த அந்த முப்பத்தேழு இதயமும் தனக்கா! 'சொல்லிடறேன், சொல்லிடறேன்' என்றது தன்னிடம் சொல்வதாகத்தானா? தான் வருவதற்கு முன்னாலேயே தன் பெயரை அங்கே நட்டு வைத்து, அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள் அந்தப் பெண்! அதை அறியாமல், புருஷனை இழந்த ஒருத்தியின் கோட்டைக் கெடுத்துவிட்டேனே... நானெல்லாம் ஒரு மனுஷியா!

"ஏ...ம்மா?" என்றார் மாமனார், அவள் முகத்தைப் பார்த்து.

"நான் பாவி மாமா," என்றாள் பெரியவள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றாயிருந்த வலக்கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுத அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

'நான் பழைய வாளி. நான்தான் அந்த அக்கா. கம்பவுண்டர் எதையும் விடல. மொதல்ல உள்தையல்ல தொட்டுப் பாக்கணும். அதை நான் வேணும்னே சொல்லல. அவ மேல பொறாமை. மூணாம் மாடி, உங்க கால்ல விழறேன். கோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நான் வரேன்.'

அனுப்பிவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். 'டிங்... டிங்' என்று அது கத்திக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அரை நாள் வேலை முடித்து சின்னவள் வந்தபோது மணி மூன்று. செருப்பைக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பஸ்ல வரும்போதுதான் பாத்தேன்... ஏங்க்கா?"

பெரியவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சொல்லுங்கக்கா! நான் உங்களுக்கு என்ன பண்ணேன்? நீங்க சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதினேன். எனக்குத் தெரியும்!"

"தெரிஞ்சேதான் பழியத் தூக்கிப் போட்டுக்கிட்டியா?"

"போலின்னாங்கக்கா உங்களை! அதை எப்படி நான் பாத்துட்டுச் சும்மா இருக்கறது?" சின்னவளின் குரல் உடைந்தது. "அவங்க பாராட்டினதை மொத நாளே ஓடி வந்து சொன்னேன். மாமா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த வாரம். 'ஊர் மெச்சி எனக்கு என்ன ஆகணும், அந்த டப்பாவைத் தூக்கிட்டுப் போ'ன்னீங்க. அப்புறம் சொல்ல பயமா இருந்துச்சு. சரி, ஒரு நாள் எல்லாத்தையும் சேத்துக் காட்டலாம்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சிருக்கேன்... பாருங்க! நூத்துப் பதினாலு இருக்கு!"

கைபேசியை நீட்டினாள். பெரியவள் அதைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள். மூன்று வருடமாகத் தினமும் பார்த்த கை.

"நான் நின்னேன்டி," என்றாள் பெரியவள். "நீ தினமும் செருப்பை மாட்டிட்டுக் கெளம்புவ... நான் வாளியத் தூக்குவேன். என்னை எல்லாரும் மறந்தே போயிட்டாங்கன்னு நெனச்சேன். உன்னைப் பாத்துப் பாத்து வெந்தேன். அந்தம்மா கோட்டுன்னு கூட எனக்குத் தோணல... அவ்வளவு கண்ணு மறைச்சிடுச்சு!"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா..."

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

சின்னவள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. பெரியவளும் கேட்கவில்லை, அதைக் கேட்கிற தகுதி தனக்கில்லை என்று நின்றாள். கடைசியில் சின்னவள்தான் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மூணாம் மாடி வீட்டு விலாசம் அனுப்பியிருக்காங்க. நாளைக்கு மாமாவை நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

"நீ வர வேணாமா?"

"டாக்டர் போற எடத்துக்கு டாக்டர்தான் போகணும்," என்றாள் சின்னவள். அதில் பாதி கோபம் இருந்தது.

மூணாம் மாடி உண்மையிலேயே மூன்றாம் மாடியில்தான் இருந்தாள். மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்ற பெரியவளை அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை மட்டும் அகலத் திறந்தாள்.

"கலர் திரும்ப வராதும்மா," என்றாள் பெரியவள், கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. "பொய் சொல்ல மாட்டேன். ஆனா உள்மடிப்புல இதே துணி மடிச்சு வச்சிருக்காங்க. அதுலேர்ந்து வெட்டி, இந்த எடத்துல மேல்பாக்கெட் ஒண்ணு தச்சுடறேன். வெளுப்பு மறைஞ்சிடும். கிட்ட வந்து உத்துப் பாத்தாத்தான் தெரியும்."

மூணாம் மாடி அந்த மடிப்பை விரித்துப் பார்த்தாள். பிறகு தையல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பெரியவள் இரண்டரை மணி நேரம் தலை நிமிராமல் தைத்தாள். பாதியில் ஒரு டம்ளர் தேநீர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அவரும் பேனாவை எங்க வைக்கறதுன்னு தெரியாம அங்கயும் இங்கயும் சொருகுவார்," என்றாள் மூணாம் மாடி, புதுப் பாக்கெட்டைத் தடவி. "இது அப்பவே இருந்திருந்தா..." முடிக்கவில்லை. அழுதாள். பெரியவளும் அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஏழேகால். வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. 'டிங்' என்றது கைபேசி. கருநீலக் கோட்டு போட்ட ஓர் இளைஞன், பாக்கெட்டில் பேனாவோடு, முதுகை நிமிர்த்தி நிற்கிற படம். கீழே ஒரே வரி: 'டாக்டருக்குச் சொல்லிடுங்க.'

சின்னவள் அந்தப் படத்தைப் பெரியவளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். இரண்டு நாளாகச் சரியாகப் பேசாத பெண், திடீரென்று அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். ஈரக் கையோடு பெரியவள் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கட்டிலிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு... பேரும்... கெட்டி..." என்று தொடங்கி, முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினாள். ஒரு காலில் செருப்பை மாட்டினாள்.

"அக்கா... குறட்டைக்காரர் பொண்டாட்டி கேக்குறாங்க. பச்சைப் பட்டுச் சட்டையில எண்ணெய் கொட்டிடுச்சாம். கேக்கலாமான்னு பயந்து பயந்து கேக்குறாங்க."

பெரியவள் அடுப்பைத் தணித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சின்னவளுக்கு எதிரே நின்றாள்.

"எழுதிக்க. மொதல்ல உள்தையல்ல ஒரு சொட்டு தொட்டுப் பாக்கச் சொல்லு," என்றாள். "அதை மொத வரியாப் போடு."