கைராசி மாற்றம்

காய்ச்சல்காரர் தன் இடது கையை டாக்டர் பூங்கோதையிடமும், வலது கையை அவருடைய கிளினிக்கை வாங்கியிருந்த டாக்டர் ரெஹானாவிடமும் கொடுத்தார். நடுவே இருந்த ராசிமாற்றி இயந்திரம் லேசாக முனகி ஓய்ந்தது. கண்ணைத் திறந்தவர் ரெஹானாவைப் பார்த்து மலர்ந்தார். "சின்ன வயசுலேர்ந்து உங்க மருந்துதாம்மா எனக்குக் கேட்கும்." பிறகு பூங்கோதை பக்கம் திரும்பி, "கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளினிக் விற்பவர்களுக்கு இப்போது இதுதான் வழி. கட்டடத்தை விற்கலாம், கட்டிலை விற்கலாம், கைராசியை எப்படி விற்பது? பழைய டாக்டர் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஜனம் பின்னாலேயே போய்விடும். ராசிமாற்றி அந்தத் தலைவலியைத் தீர்த்தது. ஒருவர்மேல் மனத்தில் ஊறிய பரிச்சயத்தை அது நகலெடுப்பதில்லை. வேரோடு பிடுங்கி அடுத்தவர்மேல் நட்டுவிடும். கைமாறும் காலம் முழுக்க இரண்டு டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து, நோயாளிகளை ஒவ்வொருவராக மாற்றிவிட வேண்டும்.

இதில் பூங்கோதை ஒரு அசட்டுத்தனம் செய்திருந்தார். அன்று காலை, முதல் போணி ராசியான ஆளாக இருக்கட்டும் என்று தன் கணவர் கதிரேசனையே உட்கார வைத்துவிட்டார். "நோய் நொடி இல்லாத மனுஷனுக்கு என்ன போயிடப் போகுது?" என்று சிரிக்க வேறு செய்தார்.

என்ன போயிற்று என்று மாலையில் தெரிந்தது. காபி டம்ளரை நீட்டியபோது விரல் பட்டதும் கதிரேசன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, என்னாச்சு?"

"உங்க பேரு தெரியுது. கல்யாண ஃபோட்டோவுலயும் நீங்கதான் இருக்கீங்க. ஆனா உங்களை எனக்குத் தெரியலைங்க."

அன்றிரவு படுக்கையறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து கிளினிக்கே கதியென்று ரெஹானாவின் எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். பூங்கோதைக்கு வயிறு எரிந்தது. அதைவிட, அவர் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கண்ணில் தெரிந்த மிரட்சி பயமாக இருந்தது.

ரெஹானாவுக்கும் மனசு கேட்கவில்லை. "அக்கா, சாரை நீங்களே திருப்பி எடுத்துக்குங்க. எனக்கு எதுக்கு இது?" என்றாள்.

மூவரும் உட்கார்ந்தார்கள். பூங்கோதை தொட்டதும் கதிரேசன் முஷ்டியை இறுக்கிக்கொண்டார். "எனக்காக, சார்" என்று ரெஹானா கெஞ்சிய பிறகுதான் விரல்கள் விரிந்தன. ராசிமாற்றி முனகி ஓய்ந்தது.

கதிரேசன் கண்ணைத் திறந்து பூங்கோதையைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! பூங்கோதை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டுக்குப் போலாமாங்க?"

"நீங்க எதுக்கு டாக்டர் வீடு வரைக்கும்?" அவர் உரிமையோடு சட்டைக் கையை மடித்துவிட்டு, நாடி பார்க்க மணிக்கட்டை நீட்டினார். ரெஹானாவிடம் இருந்த நாட்களில் அவருடைய பிரியமெல்லாம் டாக்டர்மேல் வைக்கும் பிரியமாகவே இறுகிப்போயிருந்தது. திரும்பி வந்ததும் அதுதான்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன டாக்டர். வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. என் சம்சாரம்னு சொல்றாங்க. பார்க்க அப்படியே உங்களை மாதிரியேதான் இருப்பாங்க. எனக்குப் பயமா இருக்கு. எப்படியாவது அவங்களை வெளிய அனுப்பிடுங்க."

பூங்கோதையின் விரலடியில் அவருடைய நாடி நிதானமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.